லினக்ஸ் குடி மாறிய கதை



நான் தேவனூர் நாட்டுக்காரன். செம்மேட்டில் ஐந்து நிமிஷ வேலைக்கு அரைநாள் அலைவது எங்களுக்குப் பழக்கம். மைக்ரோகர்னலின் வழக்கும் அதே அலைச்சல்தான்.

லினக்ஸில் கோப்பு, நெட்வொர்க், டிரைவர் எல்லாம் ஒரே கர்னலுக்குள் கூட்டுக்குடும்பம். ஒரு டிரைவர் தடுமாறினால் மொத்த மெஷினும் படுத்துவிடலாம். மைக்ரோகர்னலில் அத்தியாவசியமானவை மட்டும் உள்ளே. மற்றதெல்லாம் தனித்தனி வீடு. பாதுகாப்புதான். ஆனால் எதற்கெடுத்தாலும் வீட்டுக்கு வீடு செய்தி அனுப்பணும்.

1996-ல் ஆப்பிளும் ஓ.எஸ்.எஃப். அமைப்பும் மாக் என்ற மைக்ரோகர்னல்மேல் லினக்ஸை ஏற்றி எம்கேலினக்ஸ் என்று வெளியிட்டன. ஓடியது, மெதுவாக. 'மைக்ரோகர்னல்னாலே இப்படித்தான்' என்றார்கள் பலர். ஜெர்மானியர் யோகன் லீட்கே ஒப்பவில்லை. குறை கொள்கையில் இல்லை, கட்டிய விதத்தில் என்றார். அவருடைய எல்4 மேல் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லினக்ஸை ஏற்றினார்கள். 1997-ல் அளவுகளை வெளியிட்டார்கள். 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் மிகச் சின்ன ஒரு கர்னல் அழைப்புக்குச் சாதா லினக்ஸ் எடுத்தது 1.68 மைக்ரோசெகண்ட், எல்4 மேல் 3.95, மாக் மேல் தனி சர்வராக ஓடியபோது 110.6! மொத்த வேலையில் எல்4 லினக்ஸ் இழந்தது 5 முதல் 10 சதவீதம்தான்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய அடக்கம். எல்4-ஐ இன்னொரு புது பிராசசராகப் பாவித்து, வன்பொருள் சார்ந்த பகுதியை மட்டும் மாற்றினார்கள். பழைய புரோகிராம்கள் திரும்பக் கம்பைல் பண்ணாமலே ஓடின.

ஒன்று சொல்லியாகணும். லினக்ஸ் முழுவதும் ஒரே வீட்டில்தான் குடியேறியது. அதன் டிரைவர் தடுமாறினால் லினக்ஸ் விழலாம். பக்கத்து வீட்டுப் புரோகிராம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.