மலைநாட்டின் சமநிலம்



மலைநாட்டிலே பத்தடிச் சமநிலம் கிடைப்பது அரிது. சரிவெல்லாம் தேயிலை, நடுவே லயன்கள், ஓடையோரத்திலே மரக்கறித் தோட்டம் என்று நிலம் முன்னமே பங்கிடப்பட்டுவிட்டது. ஆதலால், ஹட்டனை அடுத்த டிக்கோயாப் பகுதிக்குப் புதிதாக வருபவர், தரவளையிலே பச்சைப் பாய் விரித்தாற்போன்ற மைதானத்தைக் கண்டு சற்றே வியந்து நிற்பார்.

அது 1868ஆம் ஆண்டிலே தோட்டத் துரைமார் தமக்கென நிறுவிய சங்கத்தின் மைதானம். அக்காலம் கோப்பிக் காலம். கோப்பியை மாய்த்த இலைநோய் அடுத்த ஆண்டிலேதான் தலைகாட்டிற்று. நானுஓயாவுக்குப் புகைவண்டி வந்ததோ 1885இல். கோப்பி அழிந்தது, தேயிலை தழைத்தது, சங்கம் நிலைத்தது. கிரிக்கெட்டும் றக்பியும் டென்னிஸும் அதன் கீழ் வளர்ந்தன. டிக்கோயா அணி ஒருபுறம், ரதல்ல மைதானத்து டிம்புளை அணி மறுபுறமாக நிகழ்ந்த போட்டிகள் பெயர் பெற்றவை. ஆளுநர் கிளிபர்ட் பெயர் தாங்கிய றக்பிக் கிண்ணத்துக்கு இவ்விரு மலைச் சங்கங்களும் கொழும்பு அணிகளோடு பொருதின.

தனிப் பங்களாவிலே வாழ்ந்தவர்கள் கூடி விளையாடியதை நான் குறைகூறேன்; நல்ல ஏற்பாடே. ஆனால் மண்ணை வெட்டவும் புல்லைச் செதுக்கவும் வேண்டப்பட்ட தொழிலாளிக்கு உறுப்பினர் பட்டியலிலே இடமிருக்கவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; வெள்ளைத் துரைமார் சென்றனர். சங்கங்கள் எஞ்சின.

சங்கம் என்பது இப்படித்தான் இருக்கவேண்டுமா? ஐஸ்லாந்துத் தீவின் வடபகுதியிலே சௌதார்குரோக்கூர் என்றொரு சிற்றூர். மூவாயிரம் பேர்கூட இல்லை. அங்கே 1907இல் இளைஞர் சங்கமாகத் தோன்றிய டிண்டஸ்டோல், உதைபந்து, கூடைப்பந்து, ஓட்டம், பனிச்சறுக்கு என ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல துறைகளைத் திறந்து வைத்திருக்கிறது. 2023இல் அதன் கூடைப்பந்து அணி நாட்டின் வாகையையே சூடியது. பனியும் நெடிய இருளும் சூழ்ந்த ஊருக்கு இது இயலுமாயின், நமக்கு இயலாததேன்?

நம் பிள்ளைகளின் நிலையைக் கேளுங்கள். எனது பாடசாலையிலே நூறு மீற்றர் நேர்ப்பாதை கிடையாது. ஓடும் பிள்ளை எழுபதாவது மீற்றரிலே வளைந்தாக வேண்டும். மாலையிலே பிரட்டுக் களத்தில் உதைபந்தாடுவர். கொழுந்தும் ஆளும் கணக்கெடுக்கும் இடம் அது, அகலம் போதாது. பந்து ஒருமுறை தவறினால் தேயிலைச் சரிவிலே உருண்டு ஓடையிலேதான் நிற்கும். அதனை எடுத்துவரச் சென்றவன் திரும்பக் கால் மணி நேரமாகும். ஹட்டன் நகரப் பிள்ளைகளுக்காவது டன்பார் மைதானம் உண்டு. உட்தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கு வரப் பஸ் கட்டணம் வேண்டும்.

மைதானம் உடைய சங்கங்கள் அயற் பாடசாலைகளோடு பேசி, வாரத்திலே இரண்டு மாலைகளை ஒதுக்கலாம். அதிபர்கள் நாங்கள் ஆசிரியர் ஒருவரை உடன் அனுப்புவோம். புல் பழுதாகிவிடுமென்று அஞ்சவேண்டாம். புல்லைப் பேணத் தெரிந்தவர்கள் அப்பிள்ளைகளின் வீட்டிலேயே இருக்கிறார்கள்.