பல்க்குக்கு முன் ஒரு சாம்பிள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)

 

சுற்றுலா ஏற்பாட்டுத் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் பனியன் தொழிலில் இருக்கிறவர்கள், மீதிப்பேர் நாளை அங்கே போகப் போகிறவர்கள். அதனால் உங்கள் பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன். பையர் ஆர்டர் கொடுத்தவுடன் நேரே கட்டிங் டேபிளுக்கா ஓடுகிறோம்? முதலில் சாம்பிள் தைக்கிறோம். அளவு பார்க்கிறோம். துவைத்தால் சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பார்க்கிறோம். அப்ரூவல் வந்த பிறகுதான் பல்க். ஒரு குடும்பத்தை வெளியூர் அனுப்புவதும் அதே மாதிரிதானுங்க. நான் போய்த் தங்கி, சாப்பிட்டு, நடந்து பார்க்காத இடத்துக்கு ஒருவரையும் அனுப்புவதில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் தாமஸ் குக் 1841-இல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் ஆட்களை அழைத்துப் போனார். 1845-இல் லிவர்பூல் பயணத்தை ஆரம்பிப்பதற்கு முன்னால், வழி முழுக்கத் தானே போய்ப் பார்த்து, தங்குமிடங்களைப் பேசி முடித்து, பயணிகளுக்கு ஒரு கையேடும் அச்சிட்டார். 1872-இல் உலகச் சுற்றுப் பயணம் தொடங்கியபோதும் அறுபது வயதைத் தாண்டியவர் தாமே கூடப் போனார். 222 நாள், நம் இந்தியா வழியாகவும்தான். (அவர் பெயரில் நடந்த பிரிட்டன் கம்பெனி 2019-இல் மூடப்பட்டது வேறு கதை.)

எனக்கு அவரைவிடப் பிடித்தவர் ஜெர்மனியின் கார்ல் பெடெக்கர். வழிகாட்டிப் புத்தகம் போட்டவர். மிலான் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் மேல்தளத்துக்கு எத்தனை படி என்று எழுத வேண்டும். சட்டைப் பை நிறையப் பட்டாணியை எடுத்துக்கொண்டு, 20 படிக்கு ஒரு பட்டாணி வீதம் கால்சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டே ஏறினாராம். இறங்கும்போது மறுபடி எண்ணிச் சரிபார்த்தாராம். இதைச் சொன்னால் எங்கள் ஆபீஸ் பையன்கள் சிரிக்கிறார்கள். ஆனால் பழனிக்குப் போகும் எழுபது வயது அம்மாவுக்கு இதுதான் கேள்வி. கிட்டத்தட்ட 700 படி. விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. ஆனால் ரோப் கார் வருடத்துக்கு ஒரு முறை பராமரிப்புக்கென்று வாரக்கணக்கில் நிற்கும். அந்தச் சமயம் விஞ்ச் வரிசை எவ்வளவு நீளும், நிற்கிற இடத்தில் நிழல் உண்டா, கழிப்பறை எந்தப் பக்கம் என்பது எந்த பிரசுரத்திலும் இருக்காது. போய் நின்று பார்த்தால்தான் தெரியும்.

நம் ஊருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நமக்கு லீவே கிடையாது. பீஸ் ரேட்டில் தைக்கிற ஓவர்லாக் டெய்லருக்கு வேலைக்கு வராத நாள் சம்பளமில்லாத நாள். மூன்று நாள் டூர் என்றால் வண்டிக் காசோடு மூன்று நாள் கூலியும் சேர்ந்துதான் செலவு. குழந்தைகளை ஊட்டிக்குக் கூட்டிப் போகிறேன் என்று போன தீபாவளிக்குச் சொன்னவர், தப்பிப் போனால் அடுத்த தீபாவளிக்குத்தான் பார்க்க முடியும்.

அந்த ஊட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் மலை ரயிலில்தான் போகணும். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் வந்த பாதை, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எல்லாம் சரி. ஆனால் நமக்குக் கம்பெனி மூடுவது தீபாவளிக்கு. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். கல்லாறுக்கு மேலே மண் சரிந்து ரயில் ரத்தாவது சகஜம். ஆகவே ரயில் இல்லாவிட்டால் அன்றைய காலையை என்ன செய்வது என்று முன்பே ஒரு வழி வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது வழியையும் நான் மழையில் நனைந்துகொண்டே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மாணவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம். ஓட்டல்காரர்கள் எங்களை இலவசமாக அழைத்துக் காட்டுவார்கள், 'ஃபாம் டிரிப்' என்று பெயர். நல்ல அறை, நல்ல சாப்பாடு, மாலை மரியாதை. ஆடிட் நாளில் பாக்டரியைப் பார்ப்பது எப்படியோ, அப்படித்தான் அது! உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பேர் சொல்லாமல் சாதாரண பஸ்ஸில் போய், லிப்டுக்குப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்குவேன். ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைக்குப் பால் கிடைக்குமா என்று கீழே இறங்கிப் போய்க் கேட்பேன்.

வெளிநாட்டு பையர்களுக்கு வேறு கணக்கு. ஷிப்மென்ட் பேச வந்தவருக்கு ஒரு ஞாயிறு மிச்சமிருக்கும். காலையில் இரண்டு மணி நேரம் போதும் என்பவரை நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிப் போவோம். 2024-இல் ராம்சர் பட்டியலில் ஏறிய குளம், குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். முழுநாள் இருந்தால் நொய்யல் கரையில் கொடுமணல். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தொழில் ஊர். இரும்பு உருக்கிய உலை, மணிக்கல் பட்டறை, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு, நூல் நூற்கிற தக்களி வட்டு எல்லாம் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஆனால் நேரில் போனால் வயல்தான் தெரியும்! தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். முன்பே போய்ப் பார்த்ததால் அது எனக்குத் தெரியும். அதனால் படங்களோடு, விவரம் தெரிந்த ஒரு வரலாற்று ஆசிரியரையும் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன்.

அந்தப் பக்கமேதான் ஒரத்துப்பாளையம் அணையும் இருக்கிறது. 1992-இல் பாசனத்துக்குத் திறந்த அணை, நம் சாயத் தண்ணீர் தேங்கி விவசாயத்துக்கே ஆகாமல் போனது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை பையருக்கும் தெரியும். "அந்த வழி வேண்டாங்க, சுத்திப் போயிடுங்க" என்று ஏற்றுமதி நண்பர்கள் சொல்வார்கள். நான் சுற்றிப் போவதில்லை. கேட்டால் நடந்ததைச் சொல்கிறேன், பிறகு வந்த சுத்திகரிப்பு முறையையும் சொல்கிறேன். பார்க்க வந்தவருக்குக் கண் இருக்கிறது. மறைத்தால் மற்ற இடங்களைப் பற்றி நான் சொன்னதையும் அவர் நம்பமாட்டார். இதில் என்னோடு உடன்படாதவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள், தெரியும். சாப்பாட்டுப் பந்தியில் பேசிக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் வால்பாறைக்கு வழி பார்க்கப் போகிறேன். ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவு. எத்தனையாவது வளைவில் குழந்தைகள் வாந்தி எடுக்கிறார்கள், எங்கே வண்டியை ஓரங்கட்ட இடம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். வண்டியில் இரண்டு இடம் காலி. மாணவர்களில் யாராவது வருவதென்றால் இன்றைக்கே பெயர் கொடுங்கள். நோட்டும் பேனாவும் நீங்கள் கொண்டு வர வேண்டும். பட்டாணி நான் வாங்கித் தருகிறேன்.