கூதிர்காலமே குழந்தைக்குப் பள்ளி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்களும் பட்டம் பெற்ற அறிஞர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். யாமோ பத்தாம் வகுப்போடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிந்து வருகின்றோம். குழந்தைக் கல்வியைப் பற்றி அறிவுரை கூறும் தகுதி எமக்கில்லை. எனினும், எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழையையும் அதனைத் திருத்திக்கொள்ள முயன்ற வகையையும் சொன்னால் பிறர்க்குப் பயன்படக்கூடும் என்று நண்பர்கள் வற்புறுத்தியமையால் இங்கு வந்து நிற்கின்றோம்.

ஈராண்டுகட்கு முன் ஐப்பசித் திங்களில் ஒருநாள், திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எம் அன்னையார் தொலைபேசியில் அழைத்தார். எம் இளைய மகனுக்கு அப்போது வயது ஐந்து. “ஏலே ராசா, அங்கே மழை உண்டா?” என்று ஆச்சி கேட்டார். சிறுவன் விழித்தான். தன் தாயின் பக்கம் திரும்பி, ஆச்சி என்ன சொல்கிறார் என்று இந்தியில் வினவினான். அது ஆச்சியின் காதிலும் விழுந்தது. சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, பிள்ளை விளையாடட்டும்” என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எம்மை வளர்த்த தாயும் யாம் வளர்க்கும் மகனும் மழையைப் பற்றி இரண்டு சொல் பேசிக்கொள்ள இயலாமற் போனதற்கு எம்மையன்றி யாரைக் குறை கூறுவது?

மறுநாளே கடைக்குச் சென்று வண்ணப்படத்தோடு கூடிய தமிழ் எழுத்து அட்டை ஒன்று வாங்கி வந்து சுவரில் மாட்டினோம். கைத்தொலைபேசியில் பாட்டும் படமும் காட்டினோம். இரண்டே திங்களில் சிறுவன் உயிரெழுத்து அனைத்தையும் ஒப்பித்தான். யாமும் மகிழ்ந்தோம். ஆனால், “அந்தச் சொம்பை எடுத்து வா” என்றால் அவனுக்கு விளங்கவில்லை. எழுத்து வந்தது, மொழி வரவில்லை. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பும் தந்தை; பள்ளியில் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்று அவனிடம் இந்தியிலேயே பேசும் தாய். தமிழ் எம் வீட்டில் இல்லாமலில்லை. அது பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியாய், குழந்தையின் தலைக்கு மேலே பறந்து கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு புரட்டாசி பிறந்தபோது எமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. பாடம் சொல்லிக் கொடுக்க நேரமில்லை என்கின்றோம். ஆனால் நவராத்திரி தொடங்கிக் கார்த்திகை விளக்கீடு முடியும்வரை நம் இல்லங்களில் வேலைக்குக் குறைவே இல்லை. அவ்வேலைகளில் குழந்தையையும் கூட்டிக்கொண்டால் என்ன? நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். அக்கூதிரும் அதற்கு முந்திய புரட்டாசியுமே எம் மகனுக்குப் பள்ளியாயின.

முதலில் சுண்டலைச் சொல்வோம். கொலு வைக்கும் வழக்கம் நம்மவர் எல்லார் இல்லங்களிலும் இல்லை. ஆனால் கடலையும் பயறும் ஊறாத இல்லம் ஏது? முன்னிரவில் சிறுவனே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையை அளந்து நீரில் இட்டான். காலையில் எடுத்து அளந்தபோது ஏறத்தாழ இரண்டு கிண்ணம் இருந்தது. “யார் அப்பா கொண்டுவந்து போட்டார்கள்?” என்று கேட்டான். யாரும் போடவில்லை, கடலை நீரைக் குடித்துப் பருத்தது என்று அவன் தாய் விளக்கினாள். பாத்திரத்தில் நீர் குறைந்திருந்ததையும் காட்டினாள். ஊறுதல், பருத்தல், வடித்தல், முளைத்தல் ஆகிய நான்கு சொற்களும் அந்த ஒரு கிண்ணத்தில் அவனுக்குக் கிடைத்தன. துவரை, தட்டை, மொச்சை, பாசிப்பயறு என்று பிரித்து வைக்கும் வேலையையும் அவனிடமே ஒப்படைத்தோம்.

எம் இல்லம் 10 அடிக்கு 12 அடி அறை. துணிப் பெட்டிகளை அடுக்கி மூன்று படி அமைத்தோம். படிகள் ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும் என்பது வழக்கமாதலின், ஒற்றை எது, இரட்டை எது என்பதைச் சிறுவன் படியிலேயே கற்றான். செட்டியார் பொம்மையின் முன்னே அரிசி, பருப்பு, மஞ்சள் ஆகியவற்றைச் சிறு குவியலாக வைத்து, அக்காளும் தம்பியும் கடை நடத்தினர். கொடுக்கல் வாங்கல் கணக்கெல்லாம் தமிழிலேயே நடந்தது. விசயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத வைத்தோம். சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டிலும் விரலுக்குக் கீழே நெருநெருத்த அரிசி நன்றாக மனத்தில் பதிந்தது.

அன்று மாலை நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். இந்நாட்டு வழக்கப்படி, அடுத்த அறையிலுள்ள மராட்டிய மூதாட்டியார் ‘ஆப்டா’ இலையைப் பொன் என்று கூறி எம் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். ஒரு காம்பில் இரண்டு இலை ஒட்டியது போன்ற அதன் வடிவைக் கண்டு, இது என்ன மரம் என்று சிறுவன் கேட்டான். எமக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி, மாட்டுங்காவில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் அவனையே அழைத்துச் சென்றோம். அவர் இலையைக் கண்டதும் நகைத்து, “இது ஆத்தி அல்லவா! சோழ மன்னர் சூடிய பூ இம்மரத்துப் பூ, ஔவையாரின் ஆத்திசூடிக்குப் பெயர் தந்ததும் இதுவே” என்றார். இத்தனை ஆண்டுகளாகத் தசராதோறும் அந்த இலையை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு மறந்தவர்கள் யாம். நம் பிள்ளைகளின் முதல் நூலுக்குப் பெயர் தந்த மரத்தை மராட்டிய அண்டை வீட்டார் நம் கையில் தந்துகொண்டே இருந்திருக்கின்றனர். தெரியாததைத் தெரியாது என்று குழந்தையிடம் சொல்வதும் ஒரு கல்வியே என்பதை அன்று அறிந்தோம்.

தீபாவளிக்கு முன் தாராவி கும்பார்வாடாவுக்கு அவனை அழைத்துச் சென்றோம். சௌராட்டிரத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக அங்கே மண் வனையும் குயவர்களின் தெருக்களில் அகல் விளக்குகள் ஆயிரக்கணக்கில் காய்ந்து கிடந்தன. எமக்கு 24 விளக்கு வேண்டும். டசன் என்றால் 12. ஆகவே எத்தனை டசன்? விரல் போதாமல் சிறுவன் கால்விரலையும் சேர்த்து எண்ணினான். வீட்டுக்கு வந்து விளக்குகளை நீரில் அமிழ்த்தியபோது சிறு சிறு குமிழிகள் எழுந்தன. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றிலுள்ள காற்று வெளியேற, நீர் உள்ளே புகுகிறது. முன்னரே நீர் குடித்த விளக்கு எண்ணெயை மிகுதியாகக் குடிக்காது. இதனைச் சொல்ல அறிவியல் ஆசிரியர் வேண்டுவதில்லை. எம் துணைவியார் தம் தாயிடம் கற்றதைத் தம் மகனுக்குச் சொன்னார், அவ்வளவே.

தீபாவளி விடுமுறையில் மராட்டியச் சிறுவர்கள் மண்ணாலும் கல்லாலும் கோட்டை கட்டி, அதன்மேல் சிவாஜி மன்னரின் பொம்மையை வைத்து மகிழ்வதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். சென்ற தீபாவளியில் எம் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் சேர்ந்தனர். எந்தக் கோட்டை கட்டுவது என்ற பேச்சு எழுந்தபோது, செஞ்சியைக் கட்டுங்கள் என்றோம். 1677ஆம் ஆண்டில் சிவாஜி மன்னர் கைப்பற்றிய கோட்டை அது. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, பதினொன்று மகாராட்டிரத்திலும் ஒன்று தமிழகத்திலும் இருந்தன. அந்த ஒன்றே செஞ்சி. மூன்று குன்றுகளும் அவற்றை இணைக்கும் மதிலும் எம் குடியிருப்பு முற்றத்தில் எழுந்தன. மேலே தூவிய கடுகு சில நாளில் முளைத்துப் பச்சைப் புல்வெளியாயிற்று. தமிழ்ச் சிறுவன் மராட்டியில் செஞ்சியின் கதையைச் சொல்ல, மராட்டியச் சிறுவர் கேட்டனர்.

எம் தொழிலையும் விட்டுவைக்கவில்லை. தசராவை ஒட்டி, நாள்தோறும் பயணம் செய்வோர் தங்கள் இரயில் பெட்டிக்குச் செவ்வந்தித் தோரணம் கட்டி வழிபடும் காட்சியைக் காண மகனை நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். வண்டிக்குப் பெட்டி எத்தனை என்று எண்ணச் சொன்னோம், பன்னிரண்டு என்றான். வீட்டுக்கு வந்து தீப்பெட்டிகளைக் கோத்து இரயில் செய்தான். தாதர், மாட்டுங்கா, சயான், குர்லா என்று நிலையப் பெயர்களைத் தமிழில் தானே எழுதி ஒட்டினான். சயானில் ‘ய’ தலைகீழாக நின்றது. யாம் திருத்தவில்லை, மறுவாரம் அவனே திருத்திக்கொண்டான்.

இவற்றுள் எதற்கும் தனியே பணம் செலவாகவில்லை. பெரும்பாலும் நாளொன்றுக்கு அரைமணியே ஆயிற்று. ஆயினும் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளுதல் நலம். வேலையை நாம் விரைவாய் முடிக்க வேண்டுமென்று குழந்தையை விலக்கிவிடலாகாது. அவன் சிந்தும் அரிசியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுப்பும் கொதிக்கும் எண்ணெயும் மட்டும் அவன் கைக்கு எட்டாதிருக்கட்டும். முறுக்கு மாவைப் பிசைய விடலாம், முறுக்குப் பொரிப்பது பெரியவர் பொறுப்பு. மூன்றாவது, இதனைத் தாய்மார் தலையில் மட்டும் சுமத்தலாகாது. விடுமுறை நாளில் உறங்கும் தந்தைமார்க்கு, எம்மையும் சேர்த்தே, இதைச் சொல்கின்றோம்.

வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் கெடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். யாமும் அஞ்சினோம். ஆனால் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே, இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையிலாவது வீட்டு மொழியில் கற்பித்தல் நன்று என்கிறது. இம்மாநகராட்சியும் தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தி வந்துள்ளது. நம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதைப் பிழையென்று யாம் கூறவில்லை. பள்ளி தராததை வீடு தரவேண்டும் என்றே கூறுகின்றோம். ஒரு மொழியில் ஏன், எப்படி என்று கேட்கப் பழகிய பிள்ளை மற்ற மொழிகளிலும் கேட்பான்.

இறுதியாக ஒன்று. சென்ற ஐப்பசியில் ஆச்சி மீண்டும் அழைத்தார். “மழை உண்டா?” என்று வழக்கம்போலவே கேட்டார். “இங்கே மழை போயிட்டு ஆச்சி, வெயிலடிக்கி. அங்கே உண்டா?” என்றான் சிறுவன். உண்டு என்றார் அவர். இங்கே முடிந்த மழை அங்கே எப்படித் தொடங்கியது என்று அவன் கேட்க, வயல் பற்றியும் வாடைக் காற்று பற்றியும் அவர் சொல்லத் தொடங்கினார். செஞ்சிக் கோட்டை, இரட்டை இலை, குமிழி விட்ட விளக்கு என்று இவனும் சொல்லிக்கொண்டே இருந்தான். எமக்குப் பேச வாய்ப்பே கிட்டவில்லை. கிட்ட வேண்டும் என்று யாம் விரும்பவுமில்லை.

ஊரில் முதியோர் காத்திருக்கின்றனர். அவர்களுடைய செவி நமக்காக நெடுங்காலம் காத்திராது. அடுத்த புரட்டாசி பிறக்கும்போது, நம் இல்லந்தோறும் ஒரு கிண்ணம் கடலையைக் குழந்தையின் கையால் ஊறவைப்போமாக.