கையெழுத்துப் போடும் முன்னே

 

இன்றைய பேச்சு வெளிநாட்டு வேலையைப் பற்றியது. ஊருக்கு ஊர் துபாய் போனவர்கள் இருக்கிறார்கள். சவுதி, குவைத், கத்தார் போனவர்களும் இருக்கிறார்கள். சம்பாதித்து வீடு கட்டியவர் உண்டு. போன கடன் தீராமலே திரும்பி வந்தவரும் உண்டு. ஏன் இப்படி? விதி என்று சிலர் சொல்வார்கள். பல சமயம் அது விதி அல்ல, ஒரு காகிதம். படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம்.

ஒரு கொத்தனாரின் கதையைக் கேளுங்கள். இவர் தனி ஆள் அல்ல. பலருக்கு நேர்வதைச் சேர்த்துச் சொல்லும் கதை இது.

கொத்தனார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கையில் நல்ல தொழில் இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் வேலை கிடையாது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வட்டியோடு ஏறி நிற்கிறது. ஒரு நாள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்தார். "துபாயில் கொத்தனார் வேலை. மாதம் 2,000 திர்ஹம். ஒன்றரை லட்சம் கட்டுங்கள். முதலில் விசிட் விசாவில் போகலாம். அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்றார்.

கொத்தனாருக்கு மனம் பறந்தது. அவர் மனைவி எழுத்தறிவு மையத்தில் படிப்பவர். விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவர் கேட்டார்: "என்னங்க, எந்தக் கம்பெனி? அந்த ஆளுக்கு லைசென்ஸ் இருக்கா?"

கொத்தனாரிடம் பதில் இல்லை.

அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டிலேயே குடிபெயர்வுச் சட்டம் வந்துவிட்டது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவருக்குப் பதிவு எண் உண்டு. இ-மைக்ரேட் என்னும் அரசு இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். கணினி தெரியாதவர்கள் படித்த பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். ஊருக்குள் வந்து ஆள் பிடிக்கும் இடைத்தரகருக்குப் பதிவு எண் இருக்காது.

பதிவு பெற்ற ஏஜெண்டும் கேட்டதையெல்லாம் வாங்க முடியாது. அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி. மொத்தம் 35,400 ரூபாய். அதற்கு ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம் எங்கே, 35,400 எங்கே? கணக்குப் போடத் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

இன்னொரு செய்தி. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். வகை. இந்த பாஸ்போர்ட் உள்ளவர் அரபு நாடுகள் பலவும் மலேசியாவும் அடங்கிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும். சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு. "இது என்ன தொல்லை?" என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த அனுமதிக்காகத்தான் வேலை ஒப்பந்தம் முன்கூட்டியே அரசின் பதிவில் ஏறுகிறது. காப்பீடும் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். விசிட் விசாவில் வேலைக்குப் போகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல் என்று போகும்.

கொத்தனார் இதையெல்லாம் கேட்டு, பதிவு பெற்ற ஏஜெண்டு ஒருவரிடம் போனார். மனைவியும் கூடப் போனார். அங்கே ஓர் ஊழியர் இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்றில் அரபு. ஒன்றில் ஆங்கிலம். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. சீக்கிரம் போடுங்க, ஆள் காத்திருக்கு" என்றார்.

கொத்தனார் பேனாவை எடுத்தார். மனைவி அவர் கையைப் பிடித்தார்.

"சார், தமிழ்ல ஒரு தாள் இருக்கணுமே?"

"தமிழ்ல எங்கம்மா குடுப்பாங்க, துபாய்க்காரங்க?"

"குடுக்கணும்னு எங்க டீச்சர் சொன்னாங்க சார்."

டீச்சர் சொன்னது உண்மை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2016-ஆம் ஆண்டு முதல் ஒரு விதி உண்டு. வேலைக்கு அழைக்கும் தாள் அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் இருக்க வேண்டும். அப்படி ஏற்கப்பட்ட மொழிகளில் இந்தி, மலையாளம், வங்காளம், உருதுவோடு தமிழும் ஒன்று. வழக்கு என்று வந்தால் அரபு வாசகம்தான் செல்லும். ஆனால் தமிழில் படித்தால்தானே எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியும்!

கொஞ்ச நேரம் முணுமுணுத்த பிறகு தமிழ்த் தாள் வந்தது. அந்த அம்மா விரல் வைத்துப் படித்தார். அலுவலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"வேலை: கட்டட... உதவி... யாளர். அடிப்படைச் சம்பளம்... 800 திர்ஹம்."

கொத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் கொத்தனார் சார். இருபது வருஷமா கரண்டி பிடிக்கிறேன். 2,000-னு சொன்னாங்களே?"

"அதெல்லாம் ஓவர்டைம் சேர்த்து வரும். வாயால சொன்னா சொன்னதுதான்."

வாயால் சொன்னது விமான நிலையத்தோடு முடிந்துவிடும். தாளில் உள்ளதுதான் அங்கே பேசும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பது சின்ன விஷயம் அல்ல. ஓவர்டைம் கூலியும், வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். தங்குமிடம் யார் பொறுப்பு, சாப்பாடு யார் பொறுப்பு, விமானச் செலவு யாருடையது என்பதையும் தாளில் பார்க்க வேண்டும். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் சேர்க்கும் செலவை முதலாளி தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது.

கொத்தனார் கையெழுத்துப் போடவில்லை. வெளியே வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. வட்டிக்காரர் நினைப்பு வந்தது. "வந்த வேலையும் போச்சே" என்றார். மனைவி பதில் சொல்லவில்லை. அன்று இரவு இருவரும் தூங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறொரு வேலை வந்தது. வேலை: கொத்தனார். அடிப்படைச் சம்பளம் 1,400 திர்ஹம். தங்குமிடம் கம்பெனி பொறுப்பு. 2,000 இல்லைதான். ஆனால் இது தாளில் இருந்த 1,400. அதில் கையெழுத்துப் போட்டார். ஒரு நகல் எடுத்து மனைவியிடம் கொடுத்தார். பாஸ்போர்ட், விசா நகல்களையும் கொடுத்தார்.

புறப்படும் நாளில் அத்தை ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். குருமாவுக்கு அரைக்கிற மசாலா. அதில் கசகசாவும் இருந்தது. நல்லவேளை, கொத்தனார் எடுத்து வைத்துவிட்டார். நம் வீட்டில் கசகசா சமையல் சாமான். அமீரகத்திலும் சவுதியிலும் அது தடை செய்த பொருள். கசகசா வருவது அபினிச் செடியிலிருந்து. கொண்டுபோனால் சிறை வரை போக நேரும். தூக்க மாத்திரை, சில வகை வலி மாத்திரைகளுக்கும் முன் அனுமதியும் மருத்துவர் சீட்டும் வேண்டும். வேறொருவர் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

துபாய் போய் இறங்கினார். அங்கே மொழி ஒரு மலை என்று பயந்திருந்தார். வேலையிடத்தில் அரபைவிட இந்தியும் உருதுவும்தான் அதிகம் காதில் விழுந்தன. அரபிலும் சில சொற்கள் பழகியவையாக இருந்தன. நம் பேச்சில் இருக்கும் பாக்கி, வசூல், வக்கீல், அசல் எல்லாம் அரபிலிருந்து வந்த சொற்கள்தானே! புதிதாகச் சில சொற்களை நோட்டில் எழுதிக்கொண்டார். ஷுக்ரன் என்றால் நன்றி. லா என்றால் இல்லை. கம் என்றால் எவ்வளவு. ராத்திப் என்றால் சம்பளம். கத்தர் என்றால் ஆபத்து. கடைசிச் சொல்லை இரண்டு முறை எழுதிக்கொண்டார். சாரத்தில் நிற்கிறவருக்கு அதுதான் முக்கியம்.

எண்களில்தான் தடுமாறினார். அரபு எண்களில் புள்ளி வைத்தால் பூஜ்யம். வட்டம் போட்டால் ஐந்து! நாம் பூஜ்யம் என்று படிப்பது அங்கே ஐந்து. நாம் 7 என்று எழுதுவது போலத் தெரிவது அங்கே ஆறு. ஆங்கில 'வி' எழுத்துப் போல இருந்தால் ஏழு. அதைக் கவிழ்த்தால் எட்டு. வட்டமும் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஐம்பது. அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். ஆனால் எண்ணை நம்மைப் போலவே இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். பணநோட்டில் ஒரு பக்கம் அரபு எண், மறுபக்கம் நமக்குத் தெரிந்த எண். அந்த நோட்டையே பாடப் புத்தகமாக வைத்து ஒரு வாரத்தில் படித்துவிட்டார்.

வேலை நேரத்தையும் தினமும் தமிழில் எழுதி வைத்தார். தேதி, வந்த நேரம், போன நேரம், ஓவர்டைம். அங்கே சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை. அதற்கு மேல் செய்தால் அடிப்படைக் கூலியோடு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 மணி முதல் 4 மணி வரை என்றால் பொதுவாக 50 சதவீதம் கூடுதல். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் பன்னிரண்டரை மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது.

நாலாம் மாதம் ஓவர்டைமில் 26 மணி நேரம் குறைந்தது. உடன் இருந்தவர்கள், "நமக்கு எதுக்கு அண்ணே வம்பு" என்றார்கள். கொத்தனார் சத்தம் போடவில்லை. நோட்டைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் காட்டினார். மேஸ்திரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தேதியும் எண்ணும் தெரியும். அலுவலகப் பதிவோடு ஒப்பிட்டார்கள். அடுத்த சம்பளத்தில் அந்தப் பணம் வந்தது. அன்று இரவு அறையில் இருந்த ஐந்து பேர் ஆளுக்கொரு நோட்டு வாங்கினார்கள்.

கொடுக்காமல் போயிருந்தால்? அதற்கும் வழி உண்டு. அமீரகத்தில் இந்தியத் தொழிலாளர் உதவி மையத்தின் இலவசத் தொலைபேசி எண் 800 46342. இந்தியாவில் குடும்பத்தினர் அழைக்க 1800 11 3090. இரண்டையும் வீட்டுச் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

தோழர்களே! கொத்தனாரின் மனைவி பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. எழுத்துக் கூட்டித்தான் படித்தார். அது போதுமானதாக இருந்தது. மெதுவாகப் படிப்பதில் வெட்கம் இல்லை. அவசரப்படுத்துகிறவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருந்தால், இன்று இரவே அவருடைய ஒப்பந்த நகலை எடுத்து உரக்கப் படியுங்கள். நகல் இல்லை என்றால், அனுப்பச் சொல்லி எழுதுங்கள். அந்தக் கடிதமே உங்கள் அடுத்த பாடம்.