சவர்க்காரம் கற்பித்த பாடம்



கனடாவிலே பல் வைத்தியம் பயில விரும்பினோர்க்கு முன்னர் விசித்திரமான ஒரு சோதனை இருந்தது. கனடாப் பல் வைத்தியச் சங்கத்தின் நுழைவுத் தேர்வில், உயிரியல், இரசாயன வினாக்களோடு, உருளை வடிவான சவர்க்காரக் கட்டி ஒன்றையும் மாணவன் எதிர்கொண்டான். கத்தி, அடிமட்டம், அளவுகள் குறித்த வரைபடம். அவகாசமோ 30 நிமிடம். படத்திலுள்ளவாறு செதுக்கி முடித்தல் வேண்டும். தளங்கள் சமமானவையா, விளிம்புகள் கூர்மையானவையா, அளவுகள் பிசகாதனவா என்று பார்த்தே புள்ளி வழங்குவர்.

2014ஆம் ஆண்டில், ரொறன்ரோவில் வாழும் என் தமக்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, படிப்புக்கு நான் அஞ்சவில்லை, என் கைக்குத்தான் அஞ்சுகிறேன். முதற் கட்டி உடைந்தே போயிற்று" என்றான். கலைப் பட்டதாரியாகிய நான் என்ன புத்தி சொல்வேன்? எங்கள் ஊர்த் தச்சரிடம் சென்று கேட்டேன்.

"கத்தியைப் பிறகு எடுக்கட்டும், ஐயா, முதலில் கோடு கீறப் பழகட்டும். மெல்லச் சீவினால் இன்னும் சீவலாம். ஆழ வெட்டியதை ஒட்ட முடியாது" என்றார் அவர்.

மருமகன் அவ்வாறே செய்தான். முதலில் கடிகாரத்தைப் பாராமல், அளந்து கோடிடுவதையே பழகினான். பின்னர் கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, எஞ்சியதைச் சுரண்டிச் சமன் செய்தான். கை பழகிய பின்னரே நேரத்தைப் பங்கிட்டான்: கோடிட 5 நிமிடம், செதுக்க 20, திருத்த 5. ஒரு முனையை அழகுபடுத்துவதில் மயங்கி மறுமுனையை முடிக்காது விட்டால் பயனில்லை அல்லவா? பழுதான கட்டிகளை வீசாமல், ஒவ்வொன்றின் பிழையையும் எழுதி யன்னலோரம் அடுக்கி வைத்தான். அப்பிழைகளே அவனுக்கு ஆசிரியர்களாயின.

தேறிய செய்தி கூறி அவன் நன்றி சொன்னபோது எனக்கு வெட்கமே உண்டாயிற்று. பரீட்சை நெருங்கிற்றென்று, அவ்வாண்டு கைப்பணிப் பாடவேளையைக் கணிதத்துக்கு மாற்றியவன் நானே. "கைத்திறன் பிறவியில் வருவது, பள்ளியில் வருவதன்று" என்றும் ஆசிரியர்களிடம் கூறியிருந்தேன். அடுத்த தவணையில் அப்பாடவேளையைத் திருப்பிக் கொடுத்தேன். தச்சரையும் வகுப்புக்கு அழைத்தேன்.

கனடாவில் அச்சோதனை இன்று நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும், வைத்தியர் குடைந்தெடுத்த பல் மீண்டும் வளர்வதில்லை. வெட்டுமுன் அளக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு இளமையிலேயே கொடுப்போமாக.