உங்கள் நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?



உங்கள் நட்சத்திரம் எது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். ஒருவர் கார்த்திகை என்பார். ஒருவர் ரோகிணி என்பார். இன்னொருவர் திருவாதிரை என்பார். சரி, அது வானத்தில் எங்கே இருக்கிறது? இதற்குப் பதில் சொல்பவர்கள் குறைவு. ஜாதகத்தில் எழுதியிருக்கிறது. கோயில் அர்ச்சனையில் சொல்கிறோம். கண்ணால் பார்த்ததில்லை.

பார்க்கலாம். அதற்குத் தொலைநோக்கி வேண்டாம். இருட்டு வேண்டும். பாலாற்றில் அது நிறைய உண்டு.

பாலாறு என்ற பெயரில் இரண்டு ஆறுகள் உண்டு. ஒன்று வாணியம்பாடி, வேலூர் வழியாக ஓடிக் கடலில் சேர்வது. மற்றொன்று காவிரியில் கலக்கும் சிறிய ஆறு. மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், தமிழ்நாடு கர்நாடக எல்லையில் இருக்கிறது. இந்தப் பாலாறு முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. சுற்றிலும் காடும் மலையும்தான். பெரிய ஊர்களின் வெளிச்சம் இங்கே குறைவு.

இருட்டு ஒரு செல்வம். வானியல் அறிஞர் வேணு பாப்பு அதை அறிந்திருந்தார். அவர் நல்ல இடம் தேடி ஜவ்வாது மலைக்குப் போனார். அங்கே காவலூரில், காட்டின் நடுவில், 1960களில் ஆய்வு தொடங்கியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தது. அப்போதுதான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிய வந்தது. அன்று அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. பாப்பு 1982இல் காலமானார். 1986 முதல் அந்த ஆய்வுக்கூடம் அவர் பெயரில் இயங்குகிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி ஏழரை அடி அகலம்!

நமக்குக் கண்களே போதும். ஆனால் கண்களைத் தயார் செய்ய வேண்டும்.

முதலில் நாள். நிலா இருந்தால் சிறிய விண்மீன்கள் மறைந்துவிடும். காலண்டரை எடுங்கள். அமாவாசை என்றைக்கு என்று நீங்களே படித்துப் பாருங்கள். மாசி மாத சிவராத்திரி மிக நல்ல நாள். அது அமாவாசையை ஒட்டி வரும். எப்படியும் பலர் கண்விழிப்பார்கள். மேகமும் குறைவாக இருக்கும்.

அடுத்தது இடம். இதில் கவனம் தேவை. ஆற்று மணலில் படுக்கலாமே என்று தோன்றும். கூடாது. யானை தண்ணீர் குடிக்க வரும் இடம் அது. காட்டுக்குள்ளும் போகக் கூடாது. வீட்டு மாடியோ வாசலோ போதும். தெருவிளக்கு கண்ணில் படாமல் உட்காருங்கள். பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாந்தே நின்றால் கழுத்து வலிக்கும். பாத்திரம் கழுவ வேண்டும் என்று பெண்களை வீட்டுக்குள் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் நட்சத்திரம் உண்டு.

வெளியே வந்ததும் பத்து, இருபது விண்மீன்கள்தான் தெரியும். அவசரப்படாதீர்கள். கண் இருட்டுக்கு முழுவதும் பழக அரைமணி நேரம் ஆகும். அதற்குள் ஒருவர் பீடி பற்றவைத்தாலோ, கைபேசியைத் திறந்தாலோ, மறுபடியும் காத்திருக்க வேண்டும். டார்ச் விளக்கு தேவைப்படும். பாம்பு, தேள் இருக்கும் ஊர். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அதிகம் கெடுக்காது. ஆனால் நடக்கும்போது தரையை நன்றாகப் பார்த்து நடக்க வேண்டும். அப்போது கட்டியதைக் கழற்றினாலும் தவறில்லை.

இப்போது பாருங்கள். மாசி மாதம், இரவு எட்டு மணி. தலைக்கு மேலே சற்றுத் தெற்கே மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் இருக்கும். முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்கு வடக்கே சிவப்பாகத் தெரிவது திருவாதிரை. அந்த வரிசையைத் தென்கிழக்கே நீட்டுங்கள். இரவு வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன் அங்கே இருக்கும். அதன் பெயர் சிரியஸ். வரிசையை வடமேற்கே நீட்டுங்கள். மற்றொரு சிவப்பு விண்மீன் வரும். அதுதான் ரோகிணி. இன்னும் தள்ளிப் போனால் ஒரு சிறு கொத்து. அது கார்த்திகை. எத்தனை எண்ண முடிகிறது? ஆறா, ஏழா? வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். தெற்கே தாழ்வாக மின்னுவது அகத்தியர் விண்மீன். மலை மறைத்தால் கொஞ்சம் நகர்ந்து பாருங்கள்.

ரோகிணியின் ஒளி நம்மிடம் வந்துசேர சுமார் 65 ஆண்டுகள் ஆகும். உங்கள் வீட்டில் 65 வயதுப் பாட்டி இருக்கிறாரா? அவரையும் பாயில் உட்கார வைத்து ரோகிணியைக் காட்டுங்கள். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அங்கிருந்து கிளம்பிய ஒளி, அன்றிரவுதான் அவர் கண்ணுக்கு வந்து சேரும்.