விமானப் பள்ளியும் விமானக் கம்பெனியும்



திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு விமானம் புதிதன்று. கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1932-இல் இங்கு விமான நிலையம் தோன்றியது. அதனை ஒட்டியே ராஜீவ் காந்தி வான்வழித் தொழில்நுட்ப அக்காதமியும் அமைந்துள்ளது. சங்குமுகக் கடற்கரைக்கு அருகே இறங்கும் விமானங்களைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் விமானியாக வேண்டும் என்று விரும்புவதில் வியப்பென்ன? ஆனால், எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற இடத்தில்தான் பெற்றோர் திகைக்கின்றனர்.

வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அந்தப் பறப்பு பெரும்பாலும் செஸ்னா போன்ற சிறு விமானங்களில் நிகழ்வது. ஏர்பஸ் 320 போன்ற பெரிய விமானத்தைச் செலுத்த அதன்மேல் தனிப் பயிற்சியும் தனி அங்கீகாரமும் தேவை. பழைய முறையில் மாணவன் தன் செலவில் உரிமம் பெற்று, பின்னர் கம்பெனிகளின் கதவைத் தட்டுவான். உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் பலர்.

இண்டிகோ, ஏர் இந்தியா போன்ற கம்பெனிகள் சில பள்ளிகளோடு கைகோத்து நடத்தும் திட்டத்தில் இவ்வரிசை தலைகீழாகிறது. கம்பெனி முதலில் தேர்ந்தெடுக்கிறது. பயிற்சி பின்னர் வருகிறது. நமக்கு இதில் பெரிதாகத் தோன்றும் நன்மை இதுவே. தகுதியில்லையெனில் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். கோடி ரூபாய் அளவில் செலவாகும் படிப்பில் இது சிறு நன்மையன்று. இதற்கு மறுபக்கமும் உண்டு. தன் திட்ட மாணவர்களாலேயே இடங்கள் நிரம்பும் காலத்தில், வெளியே உரிமம் பெற்றவன் இன்னும் நெடுநாள் காத்திருக்க நேரிடும்.

எனினும், திட்டத்தில் இடம் கிடைத்த கடிதத்தை வேலை உத்தரவாகக் கொள்ளலாகாது. தேர்வில் தேறினால், தரம் காட்டினால், காலியிடம் இருந்தால் என்னும் நிபந்தனைகள் அதில் அடங்கியிருக்கும். கம்பெனியே நிலைக்குமா என்பதும் ஒரு கேள்வி. கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. அரசு வழங்கிய உரிமம் மட்டும் விமானிகளிடம் எஞ்சியது. அதைக் கொண்டுதான் அவர்கள் வேறு இடம் தேடினார்கள்.

2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை அளித்தன. இந்தச் செய்தியைக் கேட்டு மயங்குவோர் உண்டு. அவை ஒரே நாளில் வந்து சேர்வதில்லை; பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக வருவன. இன்று சேரும் மாணவன் பயிற்சி முடித்து வரும் நாளில் சந்தை எவ்வாறிருக்கும் என்பதே கணக்கு.

'கம்பெனியோடு ஒப்பந்தம் உண்டு' என்று ஒரு பள்ளி சொன்னால், அக்கம்பெனியின் அறிவிப்பில் அப்பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய விமானப் பயிற்சி அதே கட்டணத்தில் அடங்குமா, இடையில் விலகினால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, கண், காது, இதயம் முதலியவற்றுக்கான மருத்துவச் சான்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். அச்சான்று கிட்டாமற்போனால், எந்த ஒப்பந்தமும் பிள்ளையை விமானியின் இருக்கையில் அமர்த்தாது.